நாற்பத்திரண்டு முறை ஒரே தொகை

முதலாளி கடனை எங்கள் தலையில் போட்டுவிட்டு ஓடிய குளிர்காலம்,
ரியாச்சுவேலோ ஆற்றங்கரையில்
கண்ணாடி உலையைச் சுற்றிப் படுத்துக் காவல் காத்தோம்.
ஏலம் போட வந்தவர்களை
வாசலில் மறித்து நின்றது நாற்பத்திரண்டு பேர்.
அன்று இரவே கரியால் சுவரில் எழுதினோம்:
எல்லோருக்கும் ஒரே சம்பளம்.
சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம்
அந்த வரியைச் சுற்றித்தான் அடிக்கிறோம்.

ஒன்பது வருடமாகக் கணக்கு எழுதுபவள் நான்.
மாதக் கடைசியில் ஒரே தொகையை
நாற்பத்திரண்டு முறை எழுதுவேன்,
பள்ளிக்கூடத்தில் தண்டனை எழுதியதைப் போல.

எவாரிஸ்தோ உலையைக் காதால் பார்ப்பவன்.
செங்கல் அருகே கன்னத்தைக் கொண்டுபோய்
"இன்னும் இருபது நிமிடம்" என்பான்.
வெப்பமானி அவனுக்குப் பிறகுதான் பேசும்.
அவன் விடுப்பில் போன வாரம்
எழுநூறு புட்டிகள் கழுத்தில் விரிசலோடு வந்தன.

லிசாந்த்ரோ தினமும் தாமதம்.
வீட்டில் ஒரு நோயாளி இருந்தால்
அவனுக்காகப் பேச எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.
யாரும் இல்லை.
அவனுக்குத் தூக்கம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ரொசாரியோவிலிருந்து ஒரு கடிதம்.
எவாரிஸ்தோவுக்கு இரண்டு மடங்கு தருகிறார்களாம்.
முற்றத்தில் பெட்டிகளைக் கவிழ்த்து உட்கார்ந்தோம்,
மாத்தே குவளை கைமாறிக்கொண்டே இருந்தது.
கால்பங்கு கூடுதலாகக் கொடுப்போம் என்றாள்
பொட்டலப் பிரிவின் கிரிசெல்தா.
"ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது?"

ஒஸ்வால்தோ தன் நான்கு விரல் கையைத் தூக்கிக் காட்டினார்.
"இயந்திரம் உயரம் பார்த்தா எடுத்தது?"

யாரோ சிரித்தார்கள். யாரோ சுவரைக் காட்டினார்கள்.
சுவர் கரியால் ஆனது, வயிறு எதனால் ஆனது
என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

கை தூக்கச் சொன்னோம்.
முதல் கை லிசாந்த்ரோவுடையது.
நீயா, என்றேன்.
"தூங்குகிறவனுக்குத் தெரியாதா
யார் விழித்திருக்கிறார்கள் என்று?"

எண்ணினேன். இருபது.
பிறகு எவாரிஸ்தோ
தனக்காகத் தானே கையைத் தூக்கினான்.
தரையைப் பார்க்கவில்லை, கூசவில்லை.
"எனக்கு வேண்டும்" என்றான்,
தண்ணீர் கேட்பதைப் போல.

இருபத்தொன்று.
பாதி போதாது, பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி.
மிச்சம் நான்.
தூக்க வேண்டிய கையில் பேனா இருந்தது.
அது காரணமில்லை.

போன வருடம், வரி அதிகாரி வாசலுக்கு முத்திரை வைக்க இருந்தபோது
தொலைந்துபோன ஒரு பூஜ்யத்தை
மூன்று இரவு உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தேன்.
நாற்பத்திரண்டு சம்பளமும் அதற்குள் இருந்தது.
யாரும் பெட்டியைக் கவிழ்த்து உட்காரவில்லை.
பூஜ்யம் உலையைப் போல உறுமாது,
விரிசல் விட்டால் சத்தமும் வராது.

சமத்துவத்தைக் காப்பாற்றினேன் என்று
அன்று இரவு என்னிடமே சொல்லிப் பார்த்தேன்.
பொறாமை என்று சொல்லிப் பார்த்தேன்.
இரண்டும் ஒரே எடைதான் இருந்தன.

எவாரிஸ்தோ ரொசாரியோவுக்குப் போகவில்லை.
ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.
முன்பெல்லாம் மணி அடித்த பிறகும்
உலையோடு பேசிக்கொண்டு நிற்பான்.
இப்போது இரண்டு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு
எல்லோரையும் போலக் கிளம்புகிறான்.
குறை சொல்ல வழியில்லை.
அதைத்தானே சுவரில் எழுதியிருக்கிறோம்.

ஒரு மாலை யாரும் இல்லாதபோது
உலைச் சுவருக்கு என் காதைக் கொண்டுபோனேன்.
சூடு. உள்ளே ஏதோ ஒரு நீண்ட மூச்சு.
அது உலையா, என் ரத்தமா
பிரித்தறியத் தெரியவில்லை.

மாதக் கடைசி.
அவன் பெயருக்கு நேரே பேனா கொஞ்சம் அழுந்தி
அடுத்த தாளிலும் தடம் விழுந்தது.
தொகை அதேதான்.
உறையை வாங்கி, அங்கேயே நின்று
இரண்டு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டான்.